டாக்ஸ் லீன் வாங்கும் நண்பர்களே, வழக்குக்கு முன்னால் ஒரு கடிதம்

அரிசோனாவிலும் நியூ ஜெர்சியிலும் வார இறுதிகளில் உட்கார்ந்து டாக்ஸ் லீன் வாங்கிச் சேர்க்கும் தமிழ் நண்பர்களுக்கும், அவர்களுக்கு ஜூமில் வகுப்பெடுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம்.

இந்த வருஷப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு முன்னால் இருந்த தம்பி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "அரிசோனா அபாச்சி கவுண்டியில ஒரு ஏக்கர் காலி நிலம். லீன் வாங்கி மூணு வருஷம் தாண்டிருச்சு, ஓனர் கட்டவே இல்ல. ஃபோர்க்ளோஸ் பண்ணிடலாமா?" சாம்பார் சாதம் வருவதற்குள் நாலு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். "பண்ணிடு." "நல்ல லாயர் இருக்கார், நம்பர் தரேன்." "சும்மா கிடைக்கிற நிலம்டா." அந்த நிலம் என்ன விலைக்குப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓனர் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் பின்னால் வரிசை தள்ளியது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். இங்கே சொத்து வரி கட்டாமல் விட்டால், அரிசோனாவில் கவுண்டியும் (மாவட்ட நிர்வாகம்) நியூ ஜெர்சியில் நகராட்சியும் அந்தப் பாக்கியை ஏலம் விடுகின்றன. நிலத்தை அல்ல, பாக்கியை. நாம் அந்த வரியைக் கட்டிவிட்டு, ஓனர் கட்டும்போது அதை வட்டியோடு திரும்பப் பெறும் உரிமையை வாங்குகிறோம். அந்த உரிமைதான் டாக்ஸ் லீன். அரிசோனாவில் ஏலம் பிப்ரவரியில் நடக்கும். வட்டி ஆண்டுக்கு 16 சதவீதத்தில் தொடங்கி, போட்டி கூடக் கூடக் கீழே இறங்கும். நியூ ஜெர்சியில் 18ல் தொடங்கும். ஓனர் கட்டவே இல்லை என்றால் அரிசோனாவில் மூன்று வருஷம், நியூ ஜெர்சியில் இரண்டு வருஷம் கழித்துக் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே வழக்குப் போட்டு நிலத்தையே எடுத்துக்கொள்ளப் பார்ப்பதுதான் ஃபோர்க்ளோஷர். கிஸ்தி பாக்கிக்கு நிலத்தை ஜப்தி செய்து, தண்டோரா போட்டு ஏலம் விட்ட கதையெல்லாம் நம் தாத்தாக்களுக்குத் தெரியும். 1864ஆம் வருஷத்து வருவாய் வசூல் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே ஜப்திக்கு வந்தது தாசில்தார் அனுப்பிய ஆள். இங்கே அந்த இடத்தில் நிற்பது நீங்களும் நானும்.

நான் 2019ல் மூன்று லீன் வாங்கினேன். மூன்றுமே ஏலத்தில் யாரும் சீண்டாதவை. யாரும் எடுக்காத லீன் மாநிலத்தின் பெயருக்குப் போய்விடும். அப்புறம் கவுண்டியிடம் போய் முழு 16 சதவீத வட்டியோடு அதை வாங்கிக்கொள்ளலாம். எனக்கு அப்போது அது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது. பெரிய நிதி நிறுவனங்கள் ஃபீனிக்ஸ் பக்கம் நல்ல வீடுகள் மேல் உள்ள லீனுக்கு அடித்துக்கொண்டு வட்டியைத் தரைக்குக் கொண்டுவருகிறார்கள், எனக்கு மட்டும் 16 அப்படியே கிடைக்கிறதே என்று. அது ஏன் 16லேயே நின்றது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சந்தை கலையும் நேரத்தில் மிஞ்சிக் கிடக்கும் கத்தரிக்காயை, சல்லிசாகக் கிடைத்தது என்று பை நிறைய அள்ளிக்கொண்டு வந்த கதைதான்.

மூன்று வருஷம் முடிந்ததும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். ஒரு நிலத்துக்கு 2,200 டாலர் என்றார். கோர்ட் கட்டணம், வில்லங்கம் பார்க்கும் செலவு, சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பவரின் கூலி எல்லாம் தனி. ஓனர் கிடைக்காவிட்டால் நாலு வாரம் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும், அதுவும் தனி. அசெஸ்ஸர் (கவுண்டியில் சொத்து மதிப்புப் போடும் அதிகாரி) கணக்கில் அந்த நிலத்தின் மதிப்பு 2,000 டாலருக்கும் கீழே. அந்த விலைக்கே வாங்க ஆள் கிடைக்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதற்கு வகுப்பில் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். வழக்குப் போட்ட பிறகு ஓனர் வந்து பாக்கியைக் கட்டினால், கோர்ட் செலவையும் நியாயமான வக்கீல் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும் என்பது சட்டம். "அதனால உங்களுக்கு ரிஸ்க் இல்ல" என்கிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். முந்நூறு டாலர் பாக்கி வைத்திருப்பவர் ஒரே மாதத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டியவர் ஆகிறார். நிலமே அவ்வளவு பெறாது. அப்போது ஒன்று, நிலம் வேண்டாம் என்று அவர் விட்டுவிடுவார், மொத்தச் செலவும் நம் தலையில் விழும். இல்லையென்றால், அந்த நிலத்தின் மேல் ஏதோ ஒரு பிடிப்பு உள்ள மனிதராக இருந்தால், வயிற்றெரிச்சலோடு கட்டுவார். இரண்டிலும் நிச்சயமாகக் காசு பார்ப்பது வழக்கறிஞர் ஒருவர்தான். (அவரைக் குறை சொல்லவில்லை. இதே கணக்கைத்தான் அவர் என்னிடம் சொல்லி, "உங்கள் இஷ்டம்" என்றார். வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.)

சரி, முதல் லீனில் உள்ள நிலத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ஃபீனிக்ஸ் பக்கத்தில் நான் இருக்கும் சாண்ட்லரிலிருந்து குளோப் வழியாக 60ஆம் எண் நெடுஞ்சாலை. சால்ட் ரிவர் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும்போது மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஷோ லோ தாண்டி, கான்சோ தாண்டி, செயின்ட் ஜான்ஸ் போகும் வழியில் மண் பாதையில் திரும்பினோம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசி இரண்டு மைலுக்குப் பாதை என்று ஒன்று இல்லை, யாரோ எப்போதோ வண்டி ஓட்டிய தடம்தான் இருந்தது. போனில் புள்ளி காட்டிய இடத்தில் இறங்கினால் சிவந்த மண், முழங்கால் உயரப் புதர், அங்கங்கே ஜூனிப்பர் மரம். கண்ணுக்கு எட்டிய தூரம் மின்கம்பம் இல்லை. எவருடைய மாடோ ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருந்தது. என் ஏக்கர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல அங்கே ஒரு கல்கூட இல்லை. கொண்டுபோன தயிர் சாதத்தைக் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

இந்த நிலங்கள் ஏன் இப்படிக் கிடக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நமக்குப் புரியும் வரலாறுதான். 1866ல் ரயில் பாதை போட ஒரு கம்பெனிக்கு வட அரிசோனாவில் ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரமாக நிலம் கொடுத்தார்கள். வரைபடத்தில் இன்றும் அது சதுரங்கப் பலகை மாதிரிதான் தெரியும். அதனால்தான் பல துண்டுகளுக்குச் சட்டப்படி போக வழியே கிடையாது. 1960களிலும் 70களிலும் இப்படிப்பட்ட பாலை நிலங்களைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, சிகாகோவிலும் நியூ யார்க்கிலும் குளிரில் வாழ்ந்தவர்களுக்கு விற்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு வெயிலில் ஒரு வீடு, மாதம் சில டாலர் தவணை. ஓசியில் விருந்து போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். நம் ஊரில் வேனில் ஏற்றிக்கொண்டு போய், பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, "இங்கதான் சார் பஸ் ஸ்டாண்டு வரப்போவுது" என்று பொட்டல் காட்டைக் காட்டினார்களே, அதேதான். அந்த அரிசோனா மோசடிகளின் பெரிய தலை நெட் வாரன் என்பவர், கடைசியில் சிறையில் செத்தார். இந்த நில மோசடிகளைத் துருவி எழுதிய நிருபர் டான் போல்ஸ் 1976ல் ஃபீனிக்ஸில் கார் குண்டுக்குப் பலியானார். நிலத்தைப் பற்றிய உண்மை விவரங்களை வாங்குபவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 1968லேயே சட்டம் போட்டிருந்தது. ஆனாலும் அதற்குள் ஏமாந்தவர்கள் ஏமாந்துவிட்டார்கள்.

ஆக, நம் லீன் பட்டியலில் இருக்கும் "ஓனர்" என்கிற பெயர் பெரும்பாலும் யார்? ஐம்பது வருஷத்துக்கு முன் ஏமாற்றப்பட்ட ஒருவர், இல்லையென்றால் அவருடைய பிள்ளை. வகுப்பில் இவர்களுக்குப் பெயர் 'டெட்பீட்', அதாவது கடனைக் கட்டாமல் ஏய்ப்பவர். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

என் முதல் லீன் கதைக்கு வருகிறேன். வழக்குப் போடுவதற்குக் குறைந்தது முப்பது நாள் முன்னால் ஓனருக்கும் கவுண்டி ட்ரெஷரருக்கும் (வரி வசூலிக்கும் அதிகாரி) சர்ட்டிஃபைடு தபாலில் (நம் ஊர் பதிவுத் தபால் மாதிரி) நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது அரிசோனா சட்டம். அனுப்பினேன். வரி பில் போகும் ஒஹாயோ முகவரிக்குப் போன கடிதம் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. உறை மேல் மஞ்சள் ஸ்டிக்கர், இந்த முகவரியில் கொடுக்க முடியவில்லை, வேறு முகவரிக்கு அனுப்பவும் வழியில்லை என்று. அதாவது வீடு மாறிப் போயிருக்கிறார். புது முகவரிக்குத் தபால் திருப்பிவிடும் வசதியும் காலாவதியாகிவிட்டது. வகுப்பில் கேட்டால், "சூப்பர், இனி அவர் வரமாட்டார், ஃபைல் பண்ணிடுங்க" என்றார்கள்.

நான் அந்த ஸ்டிக்கரையே இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒஹாயோவில் அந்தப் பழைய முகவரியில் இப்போது குடியிருப்பவர்களுக்குச் சாதாரணத் தபாலில் அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். உங்களுக்கு முன் இங்கே இருந்தவரைத் தெரியுமா, அவருக்கு அரிசோனாவில் ஒரு நிலம் இருக்கிறது, அது கைவிட்டுப் போகப்போகிறது, இதுதான் என் போன் நம்பர். ஒரு ஸ்டாம்ப் செலவு. பத்து நாளில் ஒரு பெண்மணி கூப்பிட்டார். அந்த மனிதரின் மகள். அப்பாவுக்கு எண்பத்தாறு வயது, இப்போது டென்னசியில் தன்னோடு இருக்கிறார், வீட்டை விற்றபோது கவுண்டிக்கு முகவரி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்றார். பில் வரவில்லை, அதனால் கட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் பெரியவரே போனை வாங்கினார். எனக்குக் கிடைக்கப்போவது ஒரு விடுதலைப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "வேண்டாம், நீயே எடுத்துக்கொள்" என்பார் என்று. அவர் கேட்டது வேறு. "அங்கே போனாயா? என் நிலம் எப்படி இருக்கிறது?" வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட அவர் அதைப் பார்த்ததில்லை. மாடு, ஜூனிப்பர் மரம், சிவந்த மண் எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்திருந்த படங்களை மகளுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் கவுண்டியிடமிருந்து எனக்குத் தகவல் வந்தது: பாக்கி முழுவதும் கட்டப்பட்டுவிட்டது. மொத்தம் 297 டாலர், அதில் எனக்கு வட்டி கொஞ்சம்தான். நிலம் பார்க்கப் போய்வந்த பெட்ரோலும் வழிச் செலவும் அதைச் சாப்பிட்டுவிட்டன.

நான் மட்டும் ஃபைல் செய்திருந்தால்? பழைய முகவரிக்குச் சம்மன், அப்புறம் பெரியவர் கண்ணில் படவே படாத ஒரு அரிசோனாப் பத்திரிகையில் விளம்பரம், அப்புறம் எதிர்ப்பில்லாத தீர்ப்பு. காகிதத்தில் எல்லாம் சுத்தமாக இருந்திருக்கும். தன் நிலம் எப்படி இருக்கிறது என்று கேட்ட மனிதரிடமிருந்து, எனக்கு எந்த உபயோகமும் இல்லாத ஒரு நிலத்தை, 2,200 டாலர் செலவழித்துப் பிடுங்கியிருப்பேன்.

சட்டமும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஆர்கன்சாவில் கேரி ஜோன்ஸ் என்பவர் முப்பது வருஷம் வீட்டுக் கடன் கட்டினார். அவ்வளவு காலமும் கடன் கொடுத்த கம்பெனியே வரியையும் கட்டிவந்தது. கடன் முடிந்த பிறகு வரி கட்டப்படாமல் நின்றுபோனது. மாநிலம் அனுப்பிய சர்ட்டிஃபைடு தபால்கள் வாங்க ஆளில்லாமல் திரும்பின, வீட்டை விற்றுவிட்டார்கள். 2006ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கடிதம் திரும்பி வந்தது தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, செய்யக்கூடிய வேறு வழி இருந்தால் செய்ய வேண்டும். 2023ல் ஜெரால்டின் டைலர் வழக்கு உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். மினியாபொலிஸில் 94 வயதுப் பாட்டி. வரியும் அபராதமுமாகச் சுமார் 15,000 டாலர் பாக்கி. வீடு 40,000க்குப் போனது, மீதி 25,000ஐயும் கவுண்டியே வைத்துக்கொண்டது. அது அரசியல் சட்டப்படி செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் பிறகு 2024ல் நியூ ஜெர்சியும் அரிசோனாவும் தங்கள் சட்டங்களைத் திருத்தின. நிலத்தை விற்று மீதிப் பணத்தைக் கொடுங்கள் என்று ஓனர் இப்போது கேட்க முடியும். ஆக "பத்தாயிரம் டாலர் நிலம் முந்நூறு டாலருக்கு" என்று வகுப்பின் முதல் ஸ்லைடில் போடுகிறீர்களே அண்ணன்மார்களே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பத்தாயிரம் பெறும் நிலமென்றால் மீதியை ஓனர் கேட்கலாம். ஆயிரம் பெறும் நிலமென்றால் வழக்குச் செலவே அதை விழுங்கிவிடும்.

நியூ ஜெர்சி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தெற்கே பைன்லாண்ட்ஸ் பகுதியில் உள்ள துண்டு நிலங்களின் லீன் கண்ணில் பட்டால் நிதானமாக இருங்கள். 1978லிருந்து அது பாதுகாக்கப்பட்ட பகுதி, பல துண்டுகளில் ஒரு குடிசைகூடப் போட முடியாது. அரிசோனாவிலும் சில மனைப் பிரிவுகளில் ஓனர்கள் சங்கத்துக்கு மாதச் சந்தா உண்டு. நிலம் உங்கள் பெயருக்கு மாறிய அன்றிலிருந்து அந்தச் சந்தாவும் உங்கள் பெயரில்தான்.

என் இரண்டாவது லீனில் நான் நினைத்தது நடந்தது. ஓனர் கலிஃபோர்னியாவில் ஒரு நடுத்தர வயதுக்காரர். வாங்கியபோதே தப்பு என்று தெரிந்துவிட்டது, தயவுசெய்து எடுத்துக்கொள் என்றார். க்விட் க்ளெயிம் பத்திரம், நம் ஊர் விடுதலைப் பத்திரம் மாதிரி ஒரே தாள்தான். அவர் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பதிவுக் கட்டணம் 30 டாலர். கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. இதையும் ஏன் வகுப்பில் சொல்லித் தருவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இதிலும் ஏமாந்துவிடாதீர்கள். வேறு பாக்கி, அடமானம் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். முதலில் வில்லங்கம் பாருங்கள். அதோடு, இப்போது அந்த ஒன்றேகால் ஏக்கருக்கு வருஷா வருஷம் வரி கட்டுவது நான். மூன்று வருஷமாக விற்கப் பார்க்கிறேன். உங்களில் யாருக்காவது வேண்டுமா? மாடு இலவசம்.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. லீன் வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், யாரோ ஒருவர் வரி கட்டினால்தான் அந்தக் கவுண்டியின் பள்ளிக்கூடம் ஓடும். இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் காலி நிலத்துக்கு ஃபோர்க்ளோஷர் வழக்குப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். நோட்டீஸ் திரும்பி வந்தால் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய முகவரியில் குடியிருப்பவருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, அதே குடும்பப் பெயரில் அந்த ஊரில் இருக்கும் நாலு பேருக்கு ஒரு கடிதம் போடுங்கள். மிரட்டும் தொனி வேண்டாம், வக்கீல் பாஷையும் வேண்டாம். உங்கள் பெயரும் போன் நம்பரும் பாக்கி எவ்வளவு என்பதும் இருந்தால் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் சும்மா விட்டுவிடுங்கள். அரிசோனாவில் பத்து வருஷத்தில் லீன் தானாகச் செத்துவிடும். போட்ட இருநூறு டாலர் போகட்டும்.

வகுப்பெடுக்கும் அண்ணன்மார்கள் ஒரு வகுப்பையாவது அந்த மஞ்சள் ஸ்டிக்கரைத் திரையில் காட்டித் தொடங்குங்கள். வேண்டுமானால் என்னுடையதை ஸ்கேன் செய்து தருகிறேன்.

மூன்றாவது லீன் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. ஓனர் என்று இருப்பது 1970களில் பதிவான ஒரு கம்பெனி. மாநிலப் பதிவேட்டில் அது கலைக்கப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. இயக்குநர்கள் என்று இருக்கும் மூன்று பெயருக்கும் எழுதிவிட்டேன், இரண்டு உறைகள் திரும்பிவிட்டன. மூன்றாவது இன்னும் திரும்பவில்லை. 2029 வரை நேரம் இருக்கிறது.

அன்புடன்,
சாண்ட்லரிலிருந்து உங்களில் ஒருவன்